விளாவிய தண்ணீர்

இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், பக்கத்து வரிசையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தேன்.

“இதுக்கு மேல ஒரு பையன் இருந்தான் சார். போன மாசம் வாந்தி பேதியில பூட்டான். காய்ச்சின தண்ணியைத் தவிர வேற குடுத்ததே இல்ல. எப்படி வந்துச்சின்னே தெரியல. அதையே நெனச்சிக்கினு கெடக்கறேன்.”

அப்போது குழந்தை தண்ணீர் கேட்டது. பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். பிறகு பையிலிருந்த வேறொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றினாள்.

“அது என்ன தண்ணிம்மா?”

“கொழாத் தண்ணி சார். சூடு தாங்காது இல்ல. எப்பவும் இப்படித்தான் வெளாவிக் குடுப்பேன்.”

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் டம்ளர் குழந்தையின் வாய்க்குப் போய்விட்டது.

“குடுக்காதம்மா. காய்ச்சினதை மூடி வெச்சு, தானா ஆற விடணும். பச்சைத் தண்ணி துளி கலந்தாலும் காய்ச்சினது வீண்.”

எதற்கும் ஓர் உதாரணம் சொல்லியே பழகியவன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவளே கேட்டாள். “பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரியா சார்?”

“ஆமாம்மா.”

டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். இறங்கும்போதுதான் சொன்னாள்.

“அவன் சூடாவே குடும்மான்னு கேப்பான் சார். நாந்தான் வாய் வெந்துடும்னு...”

இருக்கிற குழந்தைக்குத் தேவையான அளவு மட்டும் அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்லியிருக்கலாம்? நல்ல உதாரணம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.