என் உயரத்துக்கு வந்தால் ஆடும் மேசை

நான் நல்ல உயரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு மேசை மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் ஏன் வந்தது என்று யாருக்கும் புரியாது. பொம்மிடியில் பஸ்ஸுக்கு நின்றால் முன்பின் தெரியாதவர்கள்கூட, "அக்கா, பஸ் வருதான்னு எட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர் என் காது வரைக்கும் வருவார். அதில் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. எனக்குத்தான் சமையல் மேடை, வாஷ்பேசின், கதவு நிலை என்று எல்லாவற்றோடும் பழைய பகை.

எங்கள் கல்யாணத்தில் இதற்கு அவர்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மாதா கோயிலில், பீடத்துக்கு எதிரே, சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அதன் மேல் நிற்பார், நான் தரையில் நிற்பேன், போட்டோவில் சரிசமமாகத் தெரியும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். பலகைதான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டக் கையை உயர்த்தினாரோ இல்லையோ, மனுசன் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்துவிட்டார். சாமியார் முறைத்தார். நான் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்து, போட்டோ எடுத்து முடிக்கும் வரைக்கும் விடவே இல்லை. "பொண்ணு இப்பவே பிடியைப் போட்டுட்டா பாரு" என்று அவர்கள் பக்கத்துச் சனம் சிரித்தது. கீழே விழாமல் நிறுத்தி வைத்ததற்கு எனக்குக் கிடைத்த பேர் அது!

கல்யாணத்துக்கு அப்புறம் வருசக்கணக்கில் நான் பெங்களூரில், அவர் பொம்மிடியில். எனக்கு அங்கே லண்டன் கப்பல் கம்பெனி ஒன்றின் கணக்குகளைப் பார்க்கும் வேலை. கப்பல் அவர்களுடையது, தலைவலி எங்களுடையது. இவருக்கு இங்கே தக்காளித் தோட்டம், புளியமரங்கள், டிராக்டர். வெள்ளிக்கிழமை ரயிலில் வருவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவேன். ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவார். "போயிட்டு வா" என்பார். "போகாதே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு பேச்சுக்காவது சொன்னால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று திருப்பத்தூர் தாண்டும் வரைக்கும் பொருமிக்கொண்டே போவேன்.

கொரோனா வந்தது. லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த காலத்தில் சொல்லக்கூடாதுதான், ஆனால் புருசனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கோ அதற்குள் முதுகில் டிஸ்க் பிசகி, ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, நின்றுகொண்டு வேலை பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஆபீசில் நின்று வேலை பார்க்கும் மேசை பெரிய அதிகாரிகளின் அறையில் மட்டும்தான் உண்டு. அவர்கள் அதில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்கள், அது வேறு கதை.

"மேசையை நானே வாங்கிக்கறேன் சார். வூட்டுல இருந்தே பாக்கறேன்" என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் ஓசூர்க்காரர், கெட்ட மனுசர் இல்லை. "சரி, பாப்போம்" என்றார். அந்த "பாப்போம்" என்கிற ஒரு சொல்லில் என் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த மேசையை வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடி மேலே ஏறும், கீழே இறங்கும். வாங்கியவர்கள் எல்லாரும் ஸ்டாரை வாரி வழங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அரை நாள் தரையில் படுத்துப் புரண்டு அதைப் பூட்டினார். முதல் தடவை அது ஏறியபோது என் மாமியார், "சேசுவே! தானா எந்திரிக்குதே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏறியது, ஏறியது, என் உயரத்துக்கு வந்தது. நான் ஒரு எழுத்தைத் தட்டினேன். மேசை சாமி வந்ததுபோல் ஆடியது.

"ஏங்க, ஆடுதுங்க!"

அவர் வந்தார். முதலில் பொத்தானை அழுத்தித் தன் உயரத்துக்கு இறக்கினார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கல்லுக்குண்டு மாதிரி நின்றது. "எங்க ஆடுது?" என்றார்.

"என் உயரத்துக்கு ஏத்திட்டுப் பாருங்க."

ஏற்றினோம். ஆடியது. மறுபடி இறக்கினார், நின்றது. "உனக்குன்னா மட்டும் ஆடுதே. என்னா மாயமோ!" என்று கண்ணைச் சிமிட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஸ்டார் போட்ட புண்ணியவான்கள் அத்தனை பேரும் குள்ளமானவர்கள்! ஒல்லிக் கால் இரண்டு, அவற்றுக்குக் குறுக்கே ஒரு பட்டை கிடையாது. தாழ இருக்கும்வரைக்கும் சாது. முழுசாக நீட்டினால் தள்ளாட்டம்.

இதில் என் மாமியார் வேறு. மேசையைக் கட்டில் உயரத்துக்கு இறக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். நான் சாப்பிடப் போகும் நேரமெல்லாம் லேப்டாப்பை நகர்த்திவிட்டு, மேசையை இறக்கி, கட்டிலில் உட்கார்ந்து அதன் மேல் புளியைப் போட்டுச் சுத்தியலால் கொட்டை தட்டுவார். நான் அலறிக்கொண்டு ஓடினால், "நான் சுத்தியல்ல அடிக்கறேன், ஆடல. நீ வெரல்ல தட்டறதுக்கா ஆடுது?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவைக் கட்டாயம் போட வேண்டும். நான் டைப் அடித்தால் என் முகம் திரையில் குலுங்கும். "ட்ரெயின் போகுது சார்" என்று மேனேஜரிடம் புளுகினேன். எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம்தான், பாதிப் பொய்தான். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் அவர், "ஏங்க, நீங்க டைப் அடிக்கறப்ப மட்டும்தான் உங்க ஊருக்கு ட்ரெயின் வருதுங்களா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த மீட்டிங்கில், கப்பல் கம்பெனி சார்பில் பேசும் லண்டன் அம்மணி, தலை சுற்றுகிறது என்று சொல்லி, "எங்கள் கப்பலே இவ்வளவு ஆடாது" என்றும் சொல்லிவிட்டார்.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த வாரம் அவங்களோட பெரிய மீட்டிங். ஆடாம பேசி முடிச்சீங்கன்னா நீங்க வூட்டுலயே இருந்துக்கலாம். ஆடுச்சின்னா ஒண்ணாந்தேதி பெங்களூரு வந்துருங்க. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

வேறு கேமரா வாங்கிச் சுவரில் மாட்டலாமே என்பீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வெளிச் சாமான் எதையும் செருக விடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து பேசலாமே என்பீர்கள். நின்று வேலை பார்க்க மேசை இருக்கிறது என்று சொல்லித்தானே அனுமதியே கேட்டேன்? உட்கார்ந்தால் அந்தக் காரணமும் போச்சு.

அன்று ராத்திரி சாப்பாட்டில் விசயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் களியைக் குழம்பில் தொட்டுக்கொண்டே, "போறதுன்னா போய்தான ஆவணும். என்னா பண்றது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டேன்.

ஆனால் மறுநாளே அவர் மேசையிடம் மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டார். திருகாணியை எல்லாம் முறுக்கினார், ஆடியது. கால் மேல் புளி மூட்டையை ஏற்றினார். கால் நின்றது, தலை ஆடியது. மாட்டுக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். அது தெரியாமல் நான் பொத்தானை அழுத்த, மோட்டார் முக்கி முனகி, ஜன்னல் கதவு கழன்று வந்தது. கடைசியில் மாட்டுக்கொட்டகை கட்ட வாங்கிய ஹாலோ பிளாக் கல்லில் கொஞ்சத்தைத் தூக்கி வந்தார். மேசையைத் தாழ இறக்கி, கால்களுக்கு அடியில் கல்லை அடுக்கினார்.

"ஒசரம் வேணும்னா அடியில இருந்து குடுக்கணும். இழுத்து நீட்டினா ஆடத்தான் செய்யும்" என்றார். "இதெல்லாம் என்னாட்டம் ஆளுக்குத்தான் தெரியும்."

"பலகை மேல ஏறி நின்னு படிச்ச படிப்பு" என்றேன். சிரித்துவிட்டார். தட்டிப் பார்த்தேன். அசையவில்லை! குலுக்கிப் பார்த்தேன். ம்ஹும். அந்த இடத்திலேயே ஒரு ஆட்டம் போட்டேன், டிஸ்க் பிசகினவள் என்பதையும் மறந்து.

மீட்டிங் நாள் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்து, நல்ல புடவை கட்டி, லேப்டாப் முன்னால் போய் நின்றேன். டக் என்று ஒரு சத்தம். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தால் ஒரு கல் குறுக்கே விரிசல் விட்டுப் பிளந்திருக்கிறது. மேசை ஓரத்தில் புளியங்கொட்டை.

"அத்தை!"

"இப்ப நின்னுகிட்டே தட்டறதுக்குத் தோதா இருந்துச்சி" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

நேரம் இல்லை. வீட்டுக்காரர் ஓடி வந்து கல்லை எல்லாம் உருவித் தள்ளினார். மேசையைத் தரையில் வைத்து என் உயரத்துக்கு ஏற்றினோம். பழையபடி ஆட்டம். "போச்சு" என்றேன். "ஒண்ணாந்தேதி கிளம்பறேன். ஸ்டேஷனுக்கு வந்து ஏத்திவிடுங்க, அதுதான உங்களுக்கு நல்லா வரும்." அவர் மேசைக்கு அடியில் புகுந்து முழங்கால் போட்டார். இரண்டு கைகளாலும் இரண்டு கால்களைக் கட்டிக்கொண்டார். தலை உச்சி சரியாகப் பலகையின் அடியில் போய் முட்டி நின்றது. அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் வளர்ந்த ஆளாயிருந்தால் அதற்குள் அடங்கியே இருக்க மாட்டார்.

லண்டன் அம்மணி வந்தார். நான் தட்டினேன். ஆடவில்லை.

கோயிலில் முழங்கால் போடும் நேரத்தில் முட்டி வலிக்கிறது என்று கடைசி பெஞ்சில் சாய்ந்துகொள்கிற மனுசன். இங்கே முக்கால் மணி நேரம் போல் அசையாமல் கிடந்தார். கணக்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடியப்போகிற நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார், கையில் சுத்தியலோடு. மருமகள் நிற்கிறாள். மகன் அவள் காலடியில் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறான். அவருக்கு என்ன தோன்றும்?

"டேய்! பொண்டாட்டி காலுல வுழற அளவுக்கு என்னாடா பண்ணித் தொலைச்ச?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் தலை ஆடும், தலை ஆடினால் மேசை ஆடும். அவர் கண்ணை மட்டும் உருட்டினார். மாமியார் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாவம்மா, மன்னிச்சு வுட்டுடு. இனிமே பண்ண மாட்டான்."

என்ன சத்தம் என்று லண்டன் அம்மணி கேட்டார். மாமியார் செபம் சொல்கிறார் என்றேன். சுத்தியலைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ரொம்ப சந்தோசம், இன்று கப்பல் ஆடவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் போகவில்லை. ஓசூர்க்காரருக்குத் தமிழ் புரியாதா என்ன?

"மேசைக்கு அடியில யாருங்க?"

இனிமேல் எந்த ரயிலைச் சொல்வது? "எங்க வீட்டுக்காரர் சார்" என்றேன்.

"சரிங்க. இன்னைக்குப் பிடிச்சுட்டாரு. தெனமும் யாருங்க பிடிக்கறது?"

கீழேயிருந்து குரல் வந்தது.

"நான் பிடிச்சுக்கறேங்க சார். தெனமும் பிடிச்சுக்கறேன். பெங்களூருக்கு மட்டும் கூப்பிட்டுக்காதீங்க."

எத்தனை வருசம் அந்த பிளாட்பாரத்தில் இதற்காகக் காத்து நின்றிருக்கிறேன்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், முகம் தெரியாத மேனேஜரிடம், அதுவும் மேசைக்கு அடியிலிருந்து சொல்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அழுததை மேனேஜரும் பார்த்தார், பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

"முதல்ல அவரை எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க அங்கயே இருந்துக்கங்க. நான் பேசிக்கறேன். காலுக்குக் குறுக்க ஒரு கம்பியாவது வெல்டிங் வைங்க."

எழுந்திருக்கச் சொன்னேன். அவரால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி மரத்துப் போயிருந்தது. நான் குனிந்து அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். எழுந்து நின்றவர் முன்னும் பின்னும் ஆடினார்.

"மன்னிச்சுட்டாளாடா?" என்று மாமியார் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க அத்தை" என்றேன், பிடித்த கையை விடாமல்.