பல் முளைத்த ஊர்

உறைந்த இரத்தத்தின் மேல் தெளிந்து நின்ற சீரத்தை, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் உறிஞ்சியது. விரல் அவசரப்பட்டால் சிவப்பு கலந்துவிடும்; அந்தக் குப்பி வீண். அறுபதாவது குப்பியை மூடி, எண் எழுதிய பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டியபோது கட்டைவிரல் மரத்திருந்தது.

கெசியாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் குப்பி கழுவ வந்தவர். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு இருபத்தெட்டு வருடமாகிவிட்டது. அது 1998.

அந்த மருத்துவமனையின் டாக்டர் சித்ரலேகா அவரிடம் சொல்லியிருந்தது இது. ஹெர்பிஸ் வகையில் எட்டாவதாக ஒரு கிருமியை நாலு வருடம் முன்பு கண்டுபிடித்தார்கள். தோலில் கருஞ்சிவப்பாகத் தடிக்கும் ஒரு புற்றுநோய்க்கு அதுதான் காரணம். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அது நிறையப் பேரிடம் இருக்கிறது, இத்தாலியின் தெற்கில் ஓரளவு, பல நாடுகளில் அரிது. இடத்துக்கு இடம் கிருமியின் சாயலும் மாறுகிறது. சின்ன வயதில் வீட்டாரின் எச்சில் வழியாகத் தொற்றுகிறதோ என்று சந்தேகம்.

நம் பக்கம் எப்படி என்று பார்க்க, ஆற்றங்கரை ஊர்க்காரர் முப்பது பேர், தெற்கே செம்மண் ஊர்க்காரர் முப்பது பேர் சம்மதித்து இரத்தம் கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரே பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் அந்த ஆய்வில் இந்தப் பக்கத்துக்கு இடமில்லை.

கேள்வித்தாளை எழுதியவர் கெசியா. எந்த ஊர் என்று மட்டும் கேட்டால், குடிவந்தவர்களும் பாளையங்கோட்டை என்றே சொல்லிவிடுவார்கள். அதனால் கவனமாகப் ‘பிறந்த ஊர்’ என்று போட்டிருந்தார்.

பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் இடித்தது. பூதலிங்கமும் தங்கை வேணியும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். தங்கைக்கு ஆற்றங்கரையில் உள்ள முக்கூடல் என்றிருந்தது, அண்ணனுக்குச் செம்மண் பக்கத்துத் திசையன்விளை. மறுநாள் சர்க்கரை பார்க்க வந்த பூதலிங்கத்திடம் கேட்டார்.

“நான் தலைப்பிள்ளைல்லா, சிஸ்டரு. தலைப்பிரசவம் அம்மை வீட்டுலதான? மூணாம் மாசம் முக்கூடலுக்குத் தூக்கிட்டு வந்துட்டாவ. திசையன்விளையில பால் குடிச்சதோட சரி.”

கிருமி தொற்றினால் வளர்ந்த ஊரில்தான் தொற்றியிருக்கும்; கெசியா கேட்டதோ பிறந்த ஊரை. அவரும் தலைப்பிள்ளைதான். தென்கிழக்கே தாயின் ஊரான நாசரேத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் வளர்ந்தவர். அறுபது பேரில் எத்தனை தலைப்பிள்ளைகளோ.

“விடுங்கக்கா, எல்லா ஆய்விலயும் கொஞ்சம் பிழை இருக்கும்” என்றார் டாக்டர்.

“ஆத்தங்கரைப் பிள்ளைய செம்மண்ணுல எழுதுனா அது கொஞ்சமா, டாக்டரம்மா? நான் எழுதுன கேள்வி. நானே போயி கேட்டுக்கிடுதேன்.”

பகல் இரண்டு மணிவரை வேலை, பிறகு பஸ். முழங்கால் வீங்கியது. புதிய கேள்வி ஒன்றே: பல் முளைக்கும்போது எந்த ஊரில், யார் கையில் இருந்தீர்கள்? அடுத்தவர் மென்று ஊட்டத் தொடங்கும் வயது அது. சிலர் சிரித்தார்கள். சிலர் தாயிடம் கேட்டுச் சொல்வதாக மறுநாள் வரச் சொன்னார்கள். ஐந்தாம் நாள், இரத்தம் கொடுத்திருந்த பார்வதியம்மாள் கதவைப் பாதி திறந்தபடியே நின்றார்.

“ஏட்டி, என் ஊரு எதுக்கு உனக்கு? மாப்பிள்ளை பாக்கப் போறியா?”

“எழுபது வயசுல உங்களுக்கு எவன் வாறான்? அன்னைக்கு உங்க ஊர எழுதுனது தப்பாப் போச்சும்மா.”

பார்வதியம்மாளின் குரல் தாழ்ந்தது. “எனக்குப் புத்துநோயா?”

“இல்லம்மா. உங்க ரத்தத்தை இன்னும் யாரும் பாக்கவே இல்ல. சின்னதுல யாரு உங்களுக்குச் சோறு ஊட்டுனா?”

“எங்க அத்தைதான். முறுக்கைக் கடிச்சுக் கடிச்சுத் தருவா. முக்கூடல்ல.” கதவு முழுதாகத் திறந்தது. “உள்ள வாயேன், உக்காந்து எழுது.”

தாளில் செம்மண் ஊர் என்றிருந்ததை அடித்து, மேலே முக்கூடல் என்று எழுதினார் கெசியா.

வெள்ளிக்கிழமை மதியம் வரை ஐம்பத்துநாலு பேரைப் பார்த்திருந்தார். பத்தொன்பது பேரின் ஊர் மாறியது. அகப்படாத ஆறு பேருக்கு எதிரே ‘தெரியாது’ என்று எழுதினார். இரண்டு பக்கமும் சமமாக முப்பது முப்பது என்றிருந்தது போய்விட்டது. குப்பிகளை எண் வரிசையில் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, ஐஸ் பைகளை வைத்து, புதிய பட்டியலை மேலே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார்.

ரயிலுக்கு நேரமாகியிருந்தது. டாக்டர் பட்டியலை நின்றபடியே படித்தார்.

“எண்ணிக்கை சமமா இல்லையேன்னு கேப்பாங்க, அக்கா.”

“தலைப்பிள்ளைக் கதையச் சொல்லுங்க.”

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். கெசியா பெட்டியை அதில் வைத்தார்.

“சாய்ச்சிராதீங்க.”