ரைட்டு என்றால் போ என்று அர்த்தம்

நான் வேலை செய்யும் கிடங்கில் காலையில் யாரைப் பார்த்தாலும் "ஆல்ரைட்?" என்று கேட்பார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் நின்று பதில் சொல்வேன். முதுகு வலிக்கிறது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி தூக்கமில்லை. கேட்டவன் அதற்குள் அந்தக் கோடிக்குப் போயிருப்பான். பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேட்கிறான்? ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்டவன் ஆச்சு என்று சொல்லும்வரையாவது நிற்பான். கடைசியில் நானும் "ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடக்கப் பழகினேன். சரி, இந்த வார்த்தை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அதன் வாலில் இருக்கும் ரைட்தான் என் வேலைக்கு உலை வைத்தது.

ஊரில் நான் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ். நாள் முழுக்க என் வாயிலிருந்து வருவது ரைட்தான். ரைட் என்றால் கிளம்பு. ரைட் ரைட் என்றால் பயப்படாமல் வா. ரைட்டு வுடு என்றால் அந்தப் பேச்சை விட்டுத் தொலை. வலப்பக்கம் திரும்பச் சொல்ல 'ரைட்ல ஒடி' என்போம். அந்த 'ல' இருந்தால்தான் அது திசை. மலைப்பாதையில் எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் வந்தால் நான்தான் இறங்கி ஓடி, பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டே "ரைட், ரைட், வா வா" என்று பஸ்ஸைப் பின்னால் வரச் சொல்வேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். டிரைவர் செல்வம் கண்ணாடியைக்கூட ஒழுங்காகப் பார்க்க மாட்டான். "ஒன் வாய்தான்டா எனக்கு முதுவுல இருக்கிற கண்ணு" என்பான். ஒரு கீறல் விழுந்ததில்லை.

என் மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அதனால்தான் இந்தக் கிடங்கு வேலை எனக்கு முக்கியம். போனால் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான்.

லாரிகளுக்கு வழிகாட்டி நிறுத்துவது வேறொருவன் வேலை. ஒருநாள் அவன் வரவில்லை, என்னை நிற்கச் சொன்னார்கள். அடித்துப் பெய்கிற மழை. என் கை அசைவது தெரியவில்லை என்று லாரி டிரைவர் கீத் கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயால் சொல் என்றார். வாயால்தானே? அது என் பிழைப்பாயிற்றே. தகரத்தைத் தட்டிக்கொண்டு "ரைட், ரைட், கமான், ரைட்!" என்று கத்தினேன். நேராகப் பின்னால் வர வேண்டிய லாரி வலப்பக்கம் திரும்பியது. அங்கே இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஓல்டான்!" என்று அலறினேன். நல்லவேளை, அந்த வார்த்தை இரண்டு ஊரிலும் நிறுத்தும். ஆனால் அதற்குள் கம்பம் வளைந்துவிட்டது. அந்தப் பெண் குதித்துத் தரையில் விழுந்து கிடந்தாள். அடியில்லை.

கீத் இறங்கி வந்து, "யூ செட் ரைட்!" என்று கத்தினார்.

"எஸ்! ரைட்!" என்று நானும் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் சண்டை போட்டோம்.

மேனேஜர் வந்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்றார். விசாரணைக்குத் துணைக்கு ஆள் கூட்டி வர எனக்கு உரிமை உண்டு என்பதை "யூ ஹேவ் த ரைட்" என்று ஆரம்பித்தார். நியாயம் என் பக்கம் என்று ஒத்துக்கொள்கிறார் போல என்று தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா சொல்லித் தொலச்சீங்க அவன்கிட்ட?"

"ரைட்டுன்னேன்."

"அவன் சோத்தாங்கைப் பக்கம்னு நெனச்சிக்கினு ஒடிச்சிருக்கான். அந்தப் பொம்பள செத்திருந்தா இன்னா பண்ணுவீங்க? வெள்ளிமல பஸ்ஸுன்னு நெனப்பா?"

கண்ணை மூடினால் அந்தப் பெண் குதிப்பது தெரிந்தது. ஆனால் கோபமும் அடங்கவில்லை. அந்த வார்த்தையை எங்களுக்குக் கொடுத்ததே இவர்கள்தானே? பள்ளத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து நான் எத்தனை உயிரை ஏற்றி இறக்கியிருக்கிறேன்?

விசாரணையில் கீத், அந்தப் பெண், மேனேஜர், நான். எல்லாரும் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கீத் சொன்னதற்கெல்லாம் மேனேஜர் "ரைட்... ரைட்..." என்று தலையாட்டினார். முடிவை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தொடையைத் தட்டி "ரைட்!" என்றார். உடனே மூன்று பேரும் எழுந்தார்கள்.

நான் எழவில்லை. "நீங்கள் இப்போது ரைட் என்றீர்கள். ஏன் யாரும் வலப்பக்கம் திரும்பவில்லை? ஏன் கிளம்புகிறீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பிறகு கீத், "ஹீ இஸ் ரைட்" என்றார். மேனேஜர் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: லாரிப் பக்கம் போனால் வாயைத் திறக்கக் கூடாது, கைதான். இப்போது எந்த லாரி வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டுகிறேன். யாராவது ரைட் என்றால், பேச்சுவாக்கில் சொன்னாலும், உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பிவிடுகிறது.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனேன். செல்வம் இன்னும் அதே பஸ்தான் ஓட்டுகிறான். எனக்கு முன்சீட்டுக் கொடுத்தான். மலையில் ஒரு நிறுத்தத்தில் புளிமூட்டையோடு சிலர் இறங்கினார்கள். அதற்கப்புறம் பாதை நேர். வலப்பக்கம் பள்ளம். பின்னாலிருந்து புதுக் கண்டக்டர் முழுத் தொண்டையில் கத்தினான்: "ரைட்!"

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

"இன்னா கண்டக்டரே, பயந்துகினியா? நேராத்தாம்பா போறோம்!" என்று செல்வம் சிரித்தான்.

பஸ் நேராகத்தான் போனது. நான் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தேன்.