கஸ்தூரி மஞ்சளும் அப்பாவின் பிளேடும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகப் புத்தி. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று எல்லோரும்தான் சந்தேகப்படுவார்கள். நான் எங்கள் மாடே தண்ணீர் கலந்து கறக்கிறதோ என்று பக்கத்தில் நின்று பார்த்தவள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் என்னை வைத்துக்கொண்டு யாரும் ஒரு பேச்சுப் பேச மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும்.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த அப்பா, ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுத்தார். அவருடைய சவர பிளேடு சீக்கிரமே மழுங்கிப்போகிறதாம். புதிதாக மாட்டினால் மறுநாளே தாடையைப் பிறாண்டுகிறதாம்.

"யாரோ எடுக்கிறாக பாப்பா. உங்கம்மாகிட்ட கேட்டா, உங்க தாடிதான் முரடாப் போச்சுங்கிறா. நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மனசுக்குள் அப்போதே அத்தையைப் பிடித்துவிட்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் முடி இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் தூரத்திலா நிற்பார்கள்? தேவதானப்பட்டியிலிருந்து வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, பெண் ஆம்பளைச் சாடையாக இருக்கிறாள் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து அத்தை சிரிக்கும்போதுகூடத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்வாள். இப்போது மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு இடம் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை உரக்கடை வைத்திருக்கிறார், நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்குள் அந்த முடி போயாக வேண்டும்.

வீட்டில் வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. எங்கள் வீட்டில் அம்மா இருந்தாள். அம்மாவின் முகம் உரித்த நுங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். தெருவே அவளிடம் பக்குவம் கேட்டு வரும். கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி இலை, பச்சைப் பயறு மாவு, மூன்றையும் அம்மியில் வைத்து மை போல அரைத்துப் பூச வேண்டும் என்று அம்மா சலிக்காமல் சொல்வாள். அப்பா அதை வைத்தே அத்தையைக் குத்துவார்.

"உங்க மதினியப் பாரு. நான் பொண்ணு பாக்கப் போனப்ப எப்படி இருந்தாளோ, இன்னைக்கும் அப்படித்தான் இருக்கா. மஞ்சளத் தவிர ஒண்ணத் தொட்டதில்ல."

அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா உலையைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். சோறு வடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தாலும் போவாள்.

எந்த வழியில் முடியை எடுப்பது என்று அடுப்படியில் ஒரு கூட்டம் நடந்தது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா உத்தமபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். சீனியையும் எலுமிச்சம்பழச் சாற்றையும் பாகு காய்ச்சித் தடவி, துணியை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் போதும், எங்க வீட்டுக் கல்யாணங்களில் அதுதான் என்றார். பாகு சூடு தெரியாமல் முகம் வெந்துபோனால் என்ன செய்வது என்று அம்மா தடுத்துவிட்டாள். கம்பத்தில் பார்லருக்குப் போய் நூல் போட்டுக்கொள்ளலாம் என்றால், அத்தை மாட்டேன் என்றாள். நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருக்கும்போது ஊர்க்காரி ஒருத்தி உள்ளே வந்துவிட்டால் போதும், அவள் பஸ் ஏறுவதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிடும். கடையில் வாங்கிய கிரீம் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மூடியைத் திறந்தாலே அழுகின முட்டை நாற்றம். அதைத் தடவித்தான் அத்தைக்குப் போன முறை உதடு வீங்கியது.

"பேசாம ரேசர வச்சு ஒரு இழுப்பு இழுத்தா என்ன மதினி?" என்றாள் அத்தை.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "வாயக் கழுவுடி! கத்தி பட்டா முள்ளு முள்ளா மொளைக்கும். அப்புறம் ஆயுசுக்கும் செரைச்சுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்" என்றாள். கதவுக்குப் பின்னால் நான் தலையை ஆட்டிக்கொண்டேன். கேட்கிறவள்தானே எடுத்திருப்பாள்!

கடைசியில் அம்மாவின் மஞ்சளே முடிவானது. அந்த வாரம் முழுக்க அத்தை மஞ்சள் மஞ்சளாக நடமாடினாள். முடி போகவில்லை, அதுவும் மஞ்சளாக மாறியதுதான் மிச்சம். அத்தைக்கு அம்மாவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"பக்குவத்துல எதையோ ஒண்ண விட்டுட்டுச் சொல்றீக மதினி. நான் நல்லா இருந்துரக் கூடாதுன்னு நெனைக்கிறீக" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல், என்னை நடுவில் வைத்து, சாம்பார் வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்கள்.

இதற்கிடையில் எனக்குச் சாட்சி கிடைத்தது. குளியலறை மாடத்தில் இருந்த அப்பாவின் ரேசர் கைப்பிடியில் மஞ்சள் கறை. வீட்டில் மஞ்சளில் முங்கிக் கிடப்பது யார்? ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். பொம்பளைப் பிள்ளை கத்தியை எடுத்து முகத்தில் வைக்கலாமா, நாளைக்குத் தாடி வளர்ந்தால் எவன் கட்டுவான் என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டார். அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றவள், கடைசியில் மட்டும் வாயைத் திறந்தாள்.

"விடுங்க. பிளேடுதான? வேற ஒண்ணு மாத்திக்கிட்டாப் போச்சு."

தன்னோடு பேசாமல் இருக்கும் நாத்தனாருக்கு எதற்கு இவள் பரிந்துகொண்டு வருகிறாள் என்று அம்மாவையும் என் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள், சனிக்கிழமை, தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோன அத்தை திரும்பி வரும்போது துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்துக் கொண்டுவந்தாள். திராட்சைப் பந்தலில் பூச்சி பிடிக்க மஞ்சள் அட்டை கட்டித் தொங்கவிட்டிருப்போம். இரண்டு பக்கமும் பசை தடவியிருக்கும். ஈ, கொசு எது வந்து உட்கார்ந்தாலும் எழுந்து போக முடியாது. அதில் புது அட்டை ஒன்று. பூச்சியின் கால் ஒட்டினால் முடியும் ஒட்டும்தானே என்பது அத்தையின் கணக்கு. திராட்சைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டு ஓடினோம். அட்டை மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, அத்தை கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அம்மா சண்டையை மறந்து, தேங்காயெண்ணெயை ஊற்றி ஊற்றி, ஒரு பாடு பட்டு அதை உரித்தெடுத்தாள். இடது பக்கத்து முடி அட்டையோடு போய்விட்டது, அந்த இடம் செக்கச்செவேலென்று இருந்தது. வலது பக்கத்து முடி அப்படியே இருந்தது. இத்தனை நாள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது.

"இனி என்னையப் பாக்க யாரும் வர வேணாம்னு சொல்லிருங்க மதினி. எனக்குப் போதும்" என்று அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்து எண்ணெயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போனதும், அம்மா அத்தையின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். என்னை வெளியே நிறுத்தி, அப்பா வந்தால் இருமச் சொன்னாள். இருமவா? நான் தகரக் கதவின் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

அம்மாவின் கையில் அப்பாவின் ரேசர். சோப்பை நுரைத்து அத்தையின் முகத்தில் தடவினாள். இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிவந்திருந்த இடத்தைத் தொடாமல், மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுத்தாள். அப்பா கண்ணாடியைப் பார்த்து மழித்தாலே இரண்டு இடத்தில் அறுத்துக்கொள்வார். அம்மா ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை. அத்தை முதலில் கண்ணை இறுக்கி மூடியிருந்தவள், மெல்லத் திறந்து, வெகு அருகில் இருந்த அம்மாவின் தாடையைப் பார்த்தாள். அப்புறம் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மதினி... எத்தன வருசமா?"

"உங்க அண்ணன் என்னையப் பாக்க வந்த அன்னைக்குக் காலையில இருந்து."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன? அண்ணன் ஒண்ணும் சொல்லாது."

"சொல்ல மாட்டாகதான். ஊரு பூரா என் மொகத்தக் காட்டிப் பெருமை பேசிட்டாகளே, அதுக்கப்புறம் அவுக மொகத்த நான் எப்படிப் பாக்குறது?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அப்ப நீதான் பிளேடு திருடியா?" என்று கத்தினேன். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அத்தைதான் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"நான்தாண்டி எடுத்தேன். இப்பவும் எடுத்தேன், முன்னாடியும் நான்தான் எடுத்தேன். போயி உங்கப்பாகிட்டச் சொல்லு, போ" என்றாள்.

திருடியை நான் கையும் களவுமாகப் பிடித்தால், திருடாதவள் முந்திக்கொண்டு ஒத்துக்கொள்கிறாள். இந்தக் குளறுபடியை அப்பாவிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு பிளேடுக்கு ஏன் இத்தனை நடுக்கம் என்றும் புரியவில்லை.

மார்க்கையன்கோட்டைக்காரர்கள் வந்தபோது, சிவந்திருந்த இடம் பவுடருக்குள் மறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கன்னத்தைத் தடவி, முகம் பளிங்கு மாதிரி இருக்கிறதே, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு, எல்லாம் என் வீட்டுக்காரி பக்குவம் என்றார். அம்மா கண்ணிமைக்காமல் கஸ்தூரி மஞ்சளிலிருந்து தொடங்கினாள். அத்தை குனிந்த தலை நிமிராமல் தோள் குலுங்க நின்றாள். பொண்ணுக்கு வெட்கம் என்றார்கள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதமே கல்யாணம். மறுவீடு முடிந்து அத்தையைக் காரில் ஏற்றும்போது, அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாள் பூராவும் முட்டிக்கொண்ட நாத்தனார் போய்த் தொலைகிறாளே என்று சந்தோஷப்பட வேண்டியவள், கூடப்பிறந்தவளை அனுப்புவது மாதிரி விசும்பினாள். பிறகு குனிந்து சொன்னாள்.

"மாப்பிள்ள கண்ணு முழிக்கிறதுக்கு முன்னால எந்திரிச்சிரு தாயி. ஒரு நாளும் தவற விட்றாத."

சுற்றி நின்ற பெண்கள், மதினி என்றால் இப்படியல்லவா புத்தி சொல்லி அனுப்ப வேண்டும் என்று மெச்சிக்கொண்டார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தை, அதைக் கேட்டதும் அம்மாவின் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு அதில் மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை. காலையில் சீக்கிரம் எழுந்திருக்க இவ்வளவு அழுகையா, சரியான சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.