பன்னிரண்டாம் பக்கத்தில் பிடிபட்டவன்

என் நாவலின் பின்னட்டையில் ஒரு வரி இருக்கிறது: "கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம் வரை உங்களால் சொல்லவே முடியாது." ஏதோ பெரிய விமர்சகர் சொன்னதுபோல மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாலும், எழுதியது நான்தான். அச்சகத்தார் பின்னட்டை காலியாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் காலியிடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

பகலில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கோவைகளுக்குக் குறிப்பு எழுதுவேன். மாலையில் மூன்று வருடமாக இந்த நாவலை எழுதினேன். கதைச் சுருக்கம் இதுதான்: துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் படகு எஞ்சின் திருத்தும் ஒருவனும் முழுநிலவில் கடற்கரையில் சந்திக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கருவாட்டு முதலாளி ஒருவர் கொல்லப்படுகிறார். பழி எஞ்சின்காரன் மேல் விழுகிறது. உண்மையான கொலையாளி ஒரு படகுக்காரன். "அண்டைக்கு இரவு நான் கடலில வலை போட்டுக்கொண்டு நிண்டனான்" என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டு, இருநூறு பக்கம் நல்லவனாக உலாவுகிறான். கொலையில்தான் என் முழு மூளையும் செலவானது. காதல், பக்கம் நிரப்பப் போட்டது.

புத்தகம் வெளிவந்ததும் அபிப்பிராயங்கள் தொலைபேசியில் வரத் தொடங்கின. ஒருவர் எழுத்துப் பெரிதாக இருக்கிறது என்று பாராட்டினார். இன்னொருவர் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். அதில் ஆறு நிமிடம் தன் மகளின் பரீட்சை முடிவு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தினமும் அழைத்தார். "தம்பி, நூறாம் பக்கம் வந்திட்டன். அந்தப் பெட்டைக்கு மேல இருக்கிற தபால் அதிபர்தான் கொலைகாரன். சொல்லாதையும், சொல்லாதையும்." பள்ளிப் பிள்ளை போன்ற குரல். அவருக்காகவே எழுதிய மாதிரி எனக்கு உச்சி குளிர்ந்தது.

என் மனைவி இரண்டே நாளில் வாசித்து முடித்துவிட்டு, "அட்டை நல்லாயிருக்கு" என்றாள். அவள் சல்லி என்ற மீன்பிடி ஊர்க்காரி. அச்சுக்குப் போகுமுன் வாசிக்கக் கேட்டவளுக்கு, முடிவு தெரிந்துவிடும் என்று நான் கொடுக்கவில்லை. அதனால் வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலக மண்டபத்தில் ஞாயிறு மாலை வாசகர் அபிப்பிராயக் கூட்டம், தலைமை அந்த அதிபர் என்று ஏற்பாடானது. வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. கூட்டத்துக்கு அழைக்க முதல்நாள் காலை சல்லிக்கு ஸ்கூட்டரில் போனேன். மனைவியின் அண்ணன் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சுற்றிவர நாலைந்து பேர். என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து வலையைப் பார்த்தார்கள்.

"வாசிச்சனீங்களோ மச்சான்?" என்று கேட்டேன்.

"ஓம். கதை நல்லாத்தான் போகுது. ஆனா உங்கட ஆள் பன்னிரண்டாம் பக்கத்திலயே பிடிபட்டுப்போனான்."

"எப்பிடி?"

"முழுநிலவுக்கு ஆர் மச்சான் வலை போடப் போறது? அந்த வெளிச்சத்தில வலை மீனுக்குத் தெரியும், ஒண்டும் விழாது. நாங்கள் வீட்டில கிடந்து நித்திரை கொள்ளுவம். அவன் கடலில நிண்டனான் எண்டு சொல்லுறான், பொலிசும் எழுதி வைக்கிது. அதெந்த ஊர்ப் பொலிசு?"

"நிலவை எடுத்துவிட்டிருக்கலாமே" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நிலவில்லாமல் அந்தப் பெடியனும் பெட்டையும் எப்பிடி முகம் பாக்கிறது? டோர்ச் அடிச்சோ?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர், பெருந்தன்மையோடு.

மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது குழம்புக்குள் இறங்கிய பிறகுதான். சல்லியில் பெண் எடுத்து இத்தனை வருடம் ஓசியில் மீன் சாப்பிட்டவனுக்கு இந்த வெட்கம் வேண்டியதுதான். ஆனால் இப்போது கவலை அதுவல்ல. நாளைக்குக் கூட்டத்தில் இவர்கள் வாய் திறந்தால், மிச்சப் பக்கங்களை ஆசையோடு வைத்திருக்கும் அதிபரின் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"மச்சான், அங்க வந்து இதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் சொல்லமாட்டன். ஆனா கேட்டினமெண்டா பொய் சொல்ல ஏலாது. எனக்குச் சிரிப்பு வந்திடும்."

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. சல்லி ஆட்கள் ஒரு வரிசை முழுக்க வெள்ளைச் சட்டையோடு இருந்தார்கள். அதிபர் நூற்று முப்பதாம் பக்கத்தில் அடையாளத் துண்டு வைத்த பிரதியோடு பேசினார். தபால் அதிபரின் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, "இப்ப சல்லி வாசகர் ஒருவர் தன்ர அபிப்பிராயத்தைச் சொல்லுவார்" என்று முடித்தார்.

மச்சான் எழும்பினார். மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தபடி, "எனக்குக் கடைசி வரைக்கும் ஆளைத் தெரியேல்லை" என்றார். வரிசை முழுவதும் தோள் குலுங்கியது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை உயர்த்தினார். கிண்ணியாவில் ஆசிரியை. "நீங்க கடலுக்குப் போறவர்தானே?"

"ஓம்."

"நிலவு காலத்தில போவீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"போறதில்லை" என்றார் மச்சான்.

"எங்கட வாப்பாவும் கடல்தொழில்தான். பன்னிரண்டாம் பக்கத்தில அந்தாள் சொன்ன கையோட எனக்குத் தெரிஞ்சு போச்சு சேர். நீங்க வேணுமெண்டுதான் எழுதினீங்களெண்டு நினைச்சன்."

வேறு யாருக்குத் தெரியும் என்று அதிபர் மெல்லிய குரலில் கேட்டார். முக்கால்வாசிக் கைகள் எழும்பின. கடைசி வரிசையில் என் மனைவியின் கையும். அட்டை நல்லாயிருக்கு என்று மட்டும் அவள் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

அதிபர் அடையாளத் துண்டை உருவி மேசையில் வைத்தார். "அப்ப, தெரிஞ்சுகொண்டே ஏன் மிச்சம் முழுக்க வாசிச்சனீங்கள்?"

"கொலைகாரனை ஆர் தேடினது சேர்? அந்த எஞ்சின்காரன் அவளைக் கலியாணத்துக்குக் கேப்பானா எண்டு பார்க்கத்தான்" என்றார் ஆசிரியை. பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "கடைசியில அவள் பஸ் ஏறுறாள். அவன் பார்த்துக்கொண்டு நிக்கிறான். கேட்டானா, இல்லையா?"

"அது வாசகரின் கற்பனைக்கு விட்டது" என்றேன். இந்த வசனத்தைக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நாங்க கிண்ணியாவிலிருந்து வந்ததே அதைக் கேக்கத்தான் சேர்."

கடைசி வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அவரிட்டக் கேட்டுப் பிரயோசனமில்லை. என்னட்டக் கேக்க அவருக்கு ரெண்டு வருசம் போனது. அதுவும் அண்ணை போய், கேக்கிறீங்களோ, நாங்கள் வேற இடம் பாக்கட்டோ எண்டு சொன்ன பிறகு."

மச்சான் கேட்காமலேயே எழும்பினார். "இது உண்மை" என்றார். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்தது. அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்த அந்த முகத்தில் வருத்தம் ஒரு துளியும் இல்லை. "தம்பி, தபால் அதிபரை நான் மன்னிச்சிட்டன். இப்ப சொல்லும். கேட்டானோ?"

"கேட்டவன்" என்றேன்.

"அவள்?"

"ஓம் எண்டவள்."

கைதட்டல் ஓய்ந்ததும் அதிபர் தலைமைத் தீர்ப்பு ஒன்று சொன்னார்: நூலாசிரியர் அதை ஒவ்வொரு பிரதியிலும் தன் கையால் எழுதித் தரவேண்டும். வரிசை பிடித்தார்கள். முதல் ஆள் ஆசிரியை. பஸ் புறப்படுமுன் அவன் ஓடிப்போய்க் கேட்டான், அவள் ஓம் என்றாள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அங்கேயே நின்று வாசித்துவிட்டு, புத்தகத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"இன்னும் இடமிருக்கு சேர். ரெண்டு பேர்ட வீட்டிலயும் என்ன சொன்னாங்களெண்டும் எழுதுங்க."