கேஸ்கெட்டைப் பற்றி என் கணவர் சொன்னது

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கியதும் நான், ஓட்டியதும் நான். என் கணவருக்கு சைக்கிளே தயங்கித்தான் வரும். ஆனால் அல்சூரில் எங்கள் தெரு முழுக்க அதற்கு ‘சாரோட கார்’ என்றுதான் பெயர்.

ஒருநாள் ஆக்ஸிலரேட்டர் மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ள ஆரம்பித்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி போய்விட்டது என்று ஈஜிபுராவில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் புதிதாக மாற்றிக் கொடுத்தார். ஆக்ஸிலரேட்டர் சரியாகிவிட்டது. அதற்குப் பதிலாக, இன்ஜின் குளிர்க்காய்ச்சல் வந்தது போல உதற ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து என் வளையல்களும் ஆடும். பிறகு வண்டி அணைந்துவிடும். பெங்களூரில் கார் பெரும்பாலும் நிற்பதற்காகவே இருக்கிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

கணவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, என் பக்கமே திரும்பாமல் அவரிடம் சொன்னார்.

“வண்டி ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குது சார். மேடம் கிளட்ச் மேல கால் வெச்சே ஓட்றாங்க. அஷ்டே, அவ்ளோதான்.”

நெடுநாள் சந்தேகம் தீர்ந்தவர் போல என் கணவர் தலையாட்டினார்.

மாடி வீட்டுக்காரர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்குப் பிரிவில்தான், ஆனாலும் இன்ஜின் விஷயத்தில் அவர் சொல்வதுதான் தெருவுக்கே தீர்ப்பு. “பெட்ரோல்ல கலப்படம்மா, பங்க்கை மாத்துங்க” என்றார். மாற்றினேன். புதிய பங்க்கின் பெட்ரோலிலும் வண்டி பாரபட்சமில்லாமல் உதறியது. “அப்ப பேட்டரி” என்றார். கணவரின் அலுவலக நண்பர் ஒருவர், வண்டியைப் பார்க்காமலே, தொலைபேசியில் ஸ்பார்க் பிளக் என்று கண்டுபிடித்தார். அதையும் மாற்றினோம்.

ஒரு மாலை தொம்மலூர் சிக்னலில் வண்டி அணைந்தேவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, வண்டியைத் தள்ளி ஓரம் சேர்த்தார். “உங்க வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லுங்க மேடம்” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்திரத்தில் நானே பானெட்டைத் திறந்தேன். வண்டியை மறுபடி கிளப்பிவிட்டு உள்ளே குனிந்தேன். புதிய த்ராட்டில் பாடியைப் பொருத்தியிருந்த இடத்திலிருந்து ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அந்த இணைப்பின் மேல் அழுத்தினேன். துணி உள்பக்கமாக இழுபட்டது. இன்ஜின் சமர்த்தாக ஓடியது. கையை எடுத்தேன், உதறியது. வைத்தேன், அடங்கியது. தெருவோரத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

அந்த இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டில்தான் கோளாறு என்று மறுநாள் தனியாகப் போய் மெக்கானிக்கிடம் விளக்கினேன். “பாடிக்கு அடியில கேஸ்கெட் சரியா உட்காரலீங்க. அந்த இடுக்கு வழியா காத்து உள்ள போகுது.”

“அதெல்லாம் இருக்காது மேடம். சார் வரலையா?”

சனிக்கிழமை சாரைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். அவரும் பரீட்சைக்குப் போகிறவர் போல முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கே போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“அந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் பாருப்பா” என்றார்.

“கேஸ்கெட்டா சார்? பாத்துடலாம் சார்!”

போல்ட்டுகளைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. புதிய பாடிக்கு அடியில் பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தார். அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது. புதியது போட்டதும் உதறல் நின்றுவிட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, அன்று முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

“சாருக்கு செம நாலெட்ஜ் மேடம். நீங்க லக்கி.”

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் வண்டி உதறாமல் நின்றபோது, கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காத்து கசிஞ்சிருக்கு, அவ்ளோதான். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்.”

“எப்பங்க?” என்று கேட்டேன்.

அவர் யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.