கோட்டைத் தொட்ட வீடு

நேற்று அலுவலகத்தில் கடலோரக் காணி ஒன்றுக்கு வீட்டுத் திட்டம் வரைந்துகொண்டிருந்தேன். இதற்கு அப்பால் கட்டக்கூடாது என்ற எல்லையைப் புள்ளிக்கோடாகப் போட்டேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "முழுக்கோடாப் போடுங்க தங்கச்சி, இது மங்கலாக் கிடக்கு" என்றார். மங்கலாம்! அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில்தான் என் மூத்தவள், எங்கள் ராத்தாவின் கலியாணம் போனது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தேத்தண்ணியைக் குடித்தேன். உங்களிடம் சொல்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம் அது. சமனிலிகளுக்கு வரைபு வரைவதென்றால் எனக்கு உயிர். எதையும் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுச் செய்கிற என் புத்திக்கு அது தோதாக இருந்தது. முதலில் கோடு. 'பெரிது அல்லது சமன்' என்றால் முழுக்கோடு. கோட்டில் நிற்கும் புள்ளிகளும் சேர்த்தி. வெறும் 'பெரிது' என்றால் புள்ளிக்கோடு. கோட்டில் நிற்பவை சேர்த்தி இல்லை. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு புள்ளியை எடுத்துச் சோதிக்க வேண்டும். அது பொருந்தினால் அந்தப் பக்கம் முழுவதும் பொருந்தும். பென்சிலால் நிழற்றிவிடலாம். அந்தக் கரி வெள்ளை உடுப்பில் படிந்து உம்மாவிடம் வாங்கிய ஏச்சுக்குத் தனியாக ஒரு வரைபு வரையலாம்.

பென்சில் கரியை நினைத்தால் ஈரச் சீமெந்தின் மணமும் கூடவே வந்துவிடுகிறது. அதே வருடம்தான், கலியாணம் பேசி முடித்திருந்த ராத்தாவுக்கு வாப்பா வீடு கட்டினார். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை. கலியாணம் முடித்து அவர் அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். மகள்மாருக்கென்று வளவுகளைப் பிரித்துப் பிரித்து, ஊருக்குள் கோழிக்கூடு வைக்கவும் இடமில்லை. எங்களுக்கு மிச்சம் கடலோரத் துண்டுதான். அதில் சுவர் எழும்பி, வாசலுக்கு வைரம் பாய்ந்த முதிரை மரத்தில் நிலையும் வைத்தாயிற்று. பின்னேரங்களில் ராத்தாவே போய்ச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவார். "குசினி ஜன்னலத் தொறந்தாக் கடல் புள்ள. மீன் தானாக் குதிச்சிச் சட்டிக்குள்ள விழும்" என்பார்.

கடலோ மழைக்கு மழை கரையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு காலையில் அரசாங்க அதிகாரி ஒருவரோடு ஆட்கள் வந்து கட்டைகள் அடித்து நூல் இழுத்தார்கள். நூலுக்குக் கடல்பக்கம் எதுவும் கட்டக்கூடாதாம். எங்கள் வீடு நூலுக்கு இஞ்சால், ஊர்ப்பக்கம்தான். ஆனால் ஒரு மூலை நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பள்ளிக்கூட உடுப்போடு நான் பெரிய மனுசி மாதிரி அதிகாரியிடம் போனேன்.

"சேர், கோடு சேர்த்தியா, சேர்த்தி இல்லையா?"

"என்ன மகள் கேக்கிறீங்க?"

"வீடு கோட்டத் தாண்டல்ல சேர், தொட்டுக்கிட்டுத்தான் நிக்கிது. கோடும் சேர்த்தியெண்டா கட்டலாந்தானே?"

அவர் வாப்பாவைப் பார்த்துச் சிரித்து, ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "என்ன காக்கா, மகளை லோயருக்கா படிப்பிக்கிறீங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தொட்டாலும் ஏலாது. ஒடச்சிருங்க."

வாப்பா கடல்பக்கம் கையை நீட்டினார். "அப்ப அந்த உல்லாச விடுதி? அது நூலுக்கு அங்கால, அலையில கால் நனைச்சிக்கிட்டெல்லா நிக்கிது?"

"அது வேற கத காக்கா."

வரைபில் வேறு கதை என்பது கிடையாது. ஒரு புள்ளிக்கு எது உண்மையோ, அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் உண்மை. கடற்கரையில் சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டை எடுத்தார்கள். விடையை எங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டை உடைத்த கிழமையே மாப்பிள்ளையின் உம்மா வந்தார். "வீடில்லாம எங்கட மகன் எங்க வந்து இரிக்கிற?" என்று கேட்டுவிட்டு, வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். நாங்கள் இருக்கிற வீட்டையே கொடுத்துவிடுவோம் என்றார் வாப்பா. "அப்ப தங்கச்சிக்கு?" என்று கேட்டது ராத்தாதான். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

இப்போது கட்டைகளும் இல்லை, நூலும் இல்லை. கோடு ஓடிய மண்ணே கடலுக்குள் போய்விட்டது. விடுதிக்கு முன்னால் மட்டும் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அது நிற்கிறது. அன்று நாங்கள் இருந்த உம்மாவின் வீடு என் பேரில் இருக்கிறது, என் கலியாணமும் அதில்தான் நடந்தது. ராத்தா பின்னறையில் இருக்கிறார். வாப்பா கழற்றி வந்த வாசல் நிலை இத்தனை காலமும் அந்த அறைச் சுவரில் சாய்ந்து நின்றது. போன மாரியில் விறகெல்லாம் நனைந்திருந்த ஒரு நாள், ராத்தா அதைக் கொத்தி அடுப்பில் வைத்தார்.

"முதிரையெல்லா புள்ள," என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நல்லா நிண்டு எரியிது."